பள்ளிப் பருவத்தில் தொழில்முனைவுக் கல்வி: ஆதரவு எங்கே போய்ச் சேர வேண்டும்?

2021 செப்டம்பரில் டெல்லி மாநில அரசு தன் பள்ளிகளில் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு தொழில் யோசனையை முன்வைக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் தலைக்கு 2,000 ரூபாய் வீதம் அந்தக் குழுவுக்கு முதல் கொடுக்கப்படும். சுமார் 3 லட்சம் மாணவர்களைக் கணக்கில் கொண்டு 60 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019 முதல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பாங்குக்கென்று தனிப் பாடவேளை ஒதுக்கப்பட்டிருந்தது என்பதால், இந்தப் பணம் வெறுமனே வானத்திலிருந்து விழவில்லை. 2022 மார்ச்சில் தியாகராஜ் விளையாட்டரங்கில் நடந்த கண்காட்சியில் 126 மாணவர் குழுக்கள் முதலீட்டாளர்கள் முன் தங்கள் பொருள்களை வைத்தன. 2025-ல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டத்தின் இடத்தில் ‘நீவ்’ என்ற வேறொரு திட்டம் வந்தது.

பதின்வயதினருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் முயற்சிகளுக்குக் கைகொடுக்க விரும்பும் எவரும், அது அரசாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும் ஊர்ப் பெரியவராக இருந்தாலும், இந்த வரலாற்றைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. கண்காட்சியும் மேடையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஆனால் ஒரு மாணவி தன் பொருளின் அடக்க விலையைச் சரியாகக் கணக்கிடக் கற்றுக்கொண்டாளா, விற்காமல் தேங்கிய சரக்கை என்ன செய்தாள், அவளுக்கு வழிகாட்டிய ஆசிரியருக்கு அதற்கென்று நேரம் கிடைத்ததா என்பவையே கல்வி நடந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. மேடைக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி வகுப்பறைக்குள் நடக்கும் அந்தச் சாதாரண வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்படிப்பட்ட கல்வி புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1919-ல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு, பள்ளி முடிந்த மாலை நேரங்களில் சிறுவர், சிறுமியரைக் குழுவாகச் சேர்த்துத் தொழில் செய்ய வைத்தது. அதிலிருந்து வளர்ந்த முறையைத்தான் இன்று உலகெங்கும் மாணவர் நிறுவனம் என்கிறார்கள். மாணவர்கள் சிலர் சேர்ந்து, தெரிந்தவர்களிடம் சிறு தொகைக்குப் பங்குகளை விற்று முதல் திரட்டுவார்கள். தங்களுக்குள் தலைவர், கணக்காளர், விற்பனைப் பொறுப்பாளர் என்று தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பொருளைச் செய்து விற்பார்கள். கல்வியாண்டு முடியும்போது நிறுவனத்தைக் கலைத்து, கணக்கை முடித்து, பங்குதாரர்களுக்கு முதலையும் மிஞ்சிய லாபத்தையும் திருப்பிக் கொடுப்பார்கள். தொடங்குவது, நடத்துவது, மூடுவது ஆகிய மூன்றும் ஒரே ஆண்டுக்குள் அடங்குகின்றன. இவற்றுள் மூடுவதுதான் இந்த முறையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். கணக்கை முடித்து, கடன்களைத் தீர்த்து, எவருக்கும் பாக்கி வைக்காமல் ஒரு தொழிலிலிருந்து விலகத் தெரியாமல்தான் நம்மூரில் எத்தனையோ சிறு வணிகர்கள் வீட்டையும் நகையையும் இழக்கிறார்கள். அந்தப் பாடத்தைப் பதினாறு வயதில், இழப்பதற்கு அதிகமில்லாத நேரத்தில் கற்பது பெரும் பேறு.

இந்தக் கல்வியால் பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் ஒரே பதிலுக்கு வந்து சேரவில்லை. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியின் முதலாண்டு மாணவர்களிடம் மாணவர் நிறுவனத் திட்டத்தின் விளைவை ஆராய்ந்த ஓஸ்டர்பேக், வான் பிராக், ஐசல்ஸ்டைன் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. மாணவர்கள் தங்கள் தொழில்முனைவுத் திறன்களைப் பற்றித் தாங்களே செய்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; தொழில் தொடங்க வேண்டும் என்ற விருப்பமோ முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனது. அதே நாட்டில், தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்பில் படிக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கான ஒரு சிறு திட்டத்தை ஆராய்ந்தபோது வேறு விதமான விடை வந்தது. தொழில் பற்றிய அறிவு கூடவில்லை; ஆனால் தன்னம்பிக்கை, புதிதாக யோசித்தல், துணிந்து முடிவெடுத்தல் போன்ற குணங்கள் தெளிவாகவே கூடியிருந்தன.

சுவீடனில் நடந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அது பொறுமையாகக் காத்திருந்தது. 1990-களின் நடுவில் மேல்நிலைப் பள்ளியில் மாணவர் நிறுவனத் திட்டத்தில் சேர்ந்து படித்தவர்களை, சேராத அவர்களது சம வயதினரோடு ஒப்பிட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். திட்டத்தில் படித்தவர்கள் பின்னாளில் சொந்தமாக நிறுவனம் தொடங்குவதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதிலிருந்து அவர்கள் ஈட்டிய வருமானமும் கூடுதலாக இருந்தது. தொடங்கிய நிறுவனங்கள் எவ்வளவு காலம் நீடித்தன என்பதில் மட்டும் வேறுபாடில்லை. உகாண்டாவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மூன்று வாரம் தங்கிப் படிக்கும் வணிகப் பயிற்சி அளித்து, 4,400 இளைஞர்களின் தரவுகளை வைத்து ஆராய்ந்தபோது, மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பயிற்சி இரண்டு வகையாக நடத்தப்பட்டது: ஒன்றில் கணக்கு, நிதி, சந்தை ஆகியவை மேலோங்கியிருந்தன, மற்றொன்றில் பேசுதல், பேரம் பேசுதல், ஆளோடு பழகுதல் ஆகியவை மேலோங்கியிருந்தன. இரண்டுமே வருமானத்தைக் கூட்டின என்பதும், தன்னம்பிக்கையும் பேரத்திறனும் வளர்ந்ததற்கு இரண்டாவது வகைத் திறன்களே நேரடிக் காரணமாகத் தெரிந்தன என்பதும் கவனத்துக்குரியவை.

இந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். பயிற்சி முடிந்த கையோடு ‘தொழில் தொடங்குவாயா’ என்று கேட்டால், தொழிலின் கஷ்டத்தை அப்போதுதான் நேரில் பார்த்த மாணவர் தயங்குவது இயல்பு. அதைத் திட்டத்தின் தோல்வியாக எண்ணத் தேவையில்லை. தனக்கு இது ஒத்துவராது என்று ஒருவர் பள்ளியிலேயே தெரிந்துகொள்வதும், பிற்காலத்தில் கடன் வாங்கிக் கடை வைத்து நொடித்துப் போவதைவிட நல்லதுதான். ஆனால் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குறுகிய கால விருப்பத்தையும், எத்தனை யோசனைகள் வந்தன, எத்தனை குழுக்கள் பதிவு செய்தன என்ற எண்ணிக்கையையுமே அறிக்கையில் கேட்கிறார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். பள்ளிகள் ஒரே வாரத்தில் நூறு யோசனைகளை எழுதி அனுப்பிவிடும்.

சரி, வகுப்பறைக்குள் நடக்க வேண்டியது என்ன? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து மாணவர்கள் சேர்ந்து 6,000 ரூபாய் முதலீட்டில் நூறு மஞ்சப்பை தைத்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துணிக்கு 3,500 ரூபாய், பைக்கு 15 ரூபாய் வீதம் தையல் கூலி 1,500, அச்சுக்கு 800, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் 200. பை ஒன்றின் அடக்கம் 60 ரூபாய். 75 ரூபாய்க்கு விலை வைக்கிறார்கள். எழுபது பை விற்கிறது. ‘பைக்கு 15 வீதம் 1,050 ரூபாய் லாபம்’ என்று குழு சொல்லும். பெட்டியைத் திறந்தால் 5,250 ரூபாய்தான் இருக்க வேண்டும், அதாவது போட்ட முதலே இன்னும் திரும்பவில்லை. அதிலும் பன்னிரண்டு பையைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி எடுத்துப்போயிருந்தால் 900 ரூபாய் நிலுவை. கையில் ரொக்கம் 4,350 மட்டுமே. மீதி முப்பது பையை என்ன செய்வது? விலையை 50 ஆகக் குறைத்தால், ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் நட்டம் என்று ஒரு மாணவர் மறுப்பார். வீட்டில் கிடந்தால் ஐம்பதும் வராது என்று இன்னொருவர் சொல்வார். இந்த வாக்குவாதம்தான் பாடம். குறைத்து விற்று, நிலுவையையும் வசூலித்துவிட்டால் மொத்த வரவு 6,750. லாபம் 750 ரூபாய். அதன் பிறகு ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: ஆளுக்கு இருபது மணி நேரம் உழைத்தீர்கள், மொத்தம் நூறு மணி நேரம், ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு கிடைத்தது? ஏழரை ரூபாய்.

இந்தக் கணக்கில் கற்பதற்கு எத்தனை செய்திகள் இருக்கின்றன என்று பாருங்கள். லாபமும் ரொக்கமும் வேறு வேறு. கடன் விற்பனை ரொக்கம் ஆகாது, வசூலானால்தான் ஆகும். தேங்கிய சரக்குக்கு வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. சொந்த உழைப்புக்கும் விலை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுத்த மாணவர்கள் கணக்குப்பதிவியலில் கற்பனையான நிறுவனங்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே பேரேட்டில் தாங்கள் விற்ற பையின் கணக்கை எழுதினால், பற்றும் வரவும் அவர்களுக்கு மனப்பாடப் பகுதியாக இருக்காது. அறிவியல் பிரிவில் படிப்பவருக்கும் தொழிற்கல்விப் பிரிவில் படிப்பவருக்கும் இது சமமாகத் தேவைப்படும் அறிவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே பல திட்டங்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மாணவர்களின் பொருளை வாங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெற்றோரும் ஆசிரியர்களும். பிள்ளைகள் செய்தது என்ற அன்பினால் வாங்குகிறார்கள். அந்த அன்பு நல்லதுதான், ஆனால் அது சந்தையைப் பற்றி எதையும் சொல்லித்தராது. முகம் தெரியாத ஒருவர் பையைக் கையில் எடுத்துப் புரட்டி, கைப்பிடித் தையலை இழுத்துப் பார்த்து, ‘இது ஒரு மாசம் தாங்காதே’ என்று வைத்துவிட்டுப் போகும்போது கிடைக்கும் அறிவு வேறு எங்கும் கிடைக்காது. ஆகவே குழு விற்றதில் பாதியாவது பள்ளிக்கு வெளியே, உழவர் சந்தையிலோ வாரச்சந்தையிலோ கடைத்தெருவிலோ, பொறுப்பான ஒரு பெரியவரின் துணையோடு விற்கப்பட வேண்டும் என்று திட்டங்கள் விதி வைக்கலாம்.

அடுத்து, வட்டி. தொழில்முனைவுப் பாடநூல்கள் முதலீட்டாளரைப் பற்றியும் பங்கு மூலதனத்தைப் பற்றியும் பல பக்கங்கள் பேசுகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தள்ளுவண்டிக் கடைக்காரர் முதலுக்கு நாடுவது பெரும்பாலும் தண்டல்காரரை. 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள்; நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 9,000-க்கு 1,000 ரூபாய்தானே, பதினொரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கடைக்காரர் கையில் அந்தக் காலம் முழுவதும் சராசரியாக இருப்பது பாதித் தொகைதான். அதுவும் நூறு நாளைக்கு மட்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த ஒரு கணக்கைப் பதினொன்றாம் வகுப்பு மாணவி போட்டுப் பார்த்து, வீட்டில் போய் அம்மாவிடம் விளக்கினால், அதுவே அந்தக் கல்வியாண்டின் பெரிய பலன் என்பேன். தண்டல்காரரை நாடுவதற்கும் காரணங்கள் உண்டு: அடமானம் கேட்பதில்லை, வாசலுக்கே வருகிறார், அன்றே பணம் கிடைக்கிறது. அந்த வசதிகளுக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களில் கணிசமானோர் தொழிலை முதன்முதலாக இந்தத் திட்டங்களில்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணுவது தவறு. காலையில் இட்லிக் கடையில் சட்னி ஊற்றிக் கொடுத்துவிட்டு வருகிற பையன் இருக்கிறான். இரவில் அம்மாவோடு பூக் கட்டுகிற பெண் இருக்கிறாள். முகூர்த்த நாளுக்கு முன்தினம் மல்லிகை விலை எப்படி ஏறும், மழை பெய்தால் எவ்வளவு இட்லி மாவு அரைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பயிற்றுநரைவிட நன்றாகத் தெரியும். இந்த அறிவை வகுப்பறை மதித்து வெளியே கொண்டுவந்தால், படிப்பில் பின்தங்கியவராகக் கருதப்பட்ட மாணவர் அந்த ஒரு பாடவேளையிலாவது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வருவார். நியூயார்க்கின் ஏழ்மையான பகுதிப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்த ஸ்டீவ் மரியோட்டி, இதே போன்ற மாணவர்களுக்காக 1987-ல் ஒரு தொழில்முனைவுக் கல்வி அமைப்பைத் தொடங்கியதற்கும், வகுப்பில் ஒட்டாத பிள்ளைகள் வியாபாரப் பேச்சு என்றால் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவர் கண்டதே காரணம்.

ஆனால் இதில் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டாக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்து, 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. தொழில்முனைவுக் கல்வி என்ற பெயரில் மாணவர்களைக் கொண்டு மலிவாகச் சரக்குச் செய்து வாங்க யாரும் முயல்வதற்கு இடம் கொடுக்கக் கூடாது. யார் பொருளைத் தீர்மானிக்கிறார்கள், யார் விலை வைக்கிறார்கள், லாபம் யாரிடம் போகிறது, வேண்டாம் என்று விலகும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாலே கல்வியையும் சுரண்டலையும் பிரித்துவிடலாம். வறுமையில் இருக்கும் குடும்பத்திடம், உங்கள் பிள்ளை படிக்கும்போதே சம்பாதிப்பான் என்று ஆசை காட்டித் திட்டத்தில் சேர்ப்பதும் கூடாது. அந்த ஆசை பள்ளி இடைநிற்றலில் போய் முடியும் அபாயம் உண்மையானது.

சட்டத்தில் வேறு சில முடிச்சுகளும் உள்ளன. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நிலைப்பாடு; மோஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் 1903-ல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே மாணவர் குழு கடையை வாடகைக்கு எடுப்பதோ கடன் வாங்குவதோ முறையல்ல. பள்ளியோ பெற்றோரோ பொறுப்பேற்க வேண்டும். கையில் வரும் பணத்துக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். இப்போது எல்லோரும் க்யூஆர் அட்டையைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள்; மாணவர் குழு காட்டும் அட்டை யாரோ ஒருவரின் அப்பாவுடையதாக இருக்கும். குழுவின் வரவு அவரது வீட்டுச் செலவோடு கலந்துவிடுகிறது, கணக்கு அங்கேயே கெட்டுப்போகிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதிமுறைகளைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. வங்கிகள் தங்கள் வரம்புகளுக்கு உட்பட்டு இதை அனுமதிக்கின்றன. உள்ளூர் வங்கிக் கிளை ஒன்று பள்ளிக்கு வந்து கணக்கு தொடங்கித் தருவதும், ஆண்டுக்கு இரண்டு முறை மாணவர்களோடு உட்கார்ந்து வரவு செலவைப் பார்ப்பதும் பெரிய செலவில்லாத, ஆனால் மதிப்பு மிக்க ஆதரவு. மாணவர்களின் முதல் யோசனை பெரும்பாலும் தின்பண்டமாகவே இருக்கும் என்பதால் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. விதியைப் படித்துப் பார்த்து அதற்கேற்பப் பொருளை மாற்றுவதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

ஆசிரியர் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது. ருவாண்டாவில் மேல்நிலைப் பள்ளிகளில் தொழில்முனைவு கட்டாயப் பாடம். அங்கே ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயிற்சியும் துணையும் கொடுத்து, விளைவை அந்தக் கூடுதல் பயிற்சி பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் நடத்தும் முறை மாறியது. மாணவர்களைச் செய்ய வைத்துக் கற்பிப்பது கூடியது. ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் மாற்றமில்லை. மாணவர்கள் தொழிலில் ஈடுபடுவது 17 சதவீதம் உயர்ந்தது. அதே அளவுக்குக் கூலி வேலை குறைந்ததால், மொத்த வருமானத்தில் வேறுபாடில்லை. இதிலிருந்து ஆசிரியர் பயிற்சி வீண் என்று முடிவு கட்டுவது அவசரம் என்றே கருதுகிறேன். அங்கே பாடம் மாறியது, கற்பிக்கும் முறை மாறியது, இறுதியில் மாணவர் எதிர்கொண்ட தேர்வும் அவர்கள் நுழைந்த சந்தையும் மாறவில்லை. பயிற்சியால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நன்கொடையாளருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் பள்ளிகளில் நிலை இன்னும் சிக்கலானது. ஏற்கெனவே பாடம் முடிக்கவும், இணையதளங்களில் விவரம் ஏற்றவும், தேர்வுக்குத் தயார்ப்படுத்தவும் நேரம் போதாமல் தவிக்கும் ஆசிரியரிடம், கூடுதலாக ஒரு திட்டத்தின் வழிகாட்டிப் பொறுப்பும் வந்து சேர்கிறது. அதற்கென்று பாடவேளை ஒதுக்காமல், வேறு வேலையைக் குறைக்காமல், மூன்று நாள் பயிற்சியையும் ஒரு கையேட்டையும் கொடுத்துவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளையை விடுவிக்கப் பகுதிநேரமாக இன்னோர் ஆசிரியரை அமர்த்த ஆகும் செலவை ஏற்பதுதான் ஒரு பள்ளிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி. அதைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியாது என்பதாலேயே யாரும் அதற்குப் பணம் கொடுக்க முன்வருவதில்லை. கருவிகளுக்குப் பணம் வருகிறது: மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு பொருள் செய்து பார்க்கும் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, நாடெங்கும் பத்தாயிரம் பள்ளிகளில் அவை அமைந்திருக்கின்றன. அவை நல்ல வாய்ப்புகள். ஆனால் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த ஒரு பொருளை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டறியும் பழக்கத்தை இயந்திரம் தராது.

தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறையோடும் யுனிசெஃப் அமைப்போடும் சேர்ந்து பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்திவருகிறது. வழிகாட்டி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாணவர் குழுக்கள் தங்கள் சுற்றுப்புறத்தில் ஒரு சிக்கலை இனங்கண்டு அதற்குத் தீர்வு யோசித்து அனுப்ப வைக்கிறது. சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் குறையைத் தங்கள் கண்ணால் பார்த்து, அதை எழுத்தில் கொண்டுவரப் பழகுவது மதிப்புள்ள வேலை. எனினும் யோசனைப் போட்டி ஒரு படி. விற்றுப் பார்ப்பது அடுத்த படி. போட்டியில் வென்ற சில குழுக்களுக்கு மட்டும் அந்த அடுத்த படி கிடைத்து, மற்ற ஆயிரக்கணக்கானோர் யோசனையோடு நின்றுவிட்டால், கல்வி என்பது சிலரைத் தேர்ந்தெடுக்கும் முறையாகச் சுருங்கிவிடும். வெல்லாத குழுக்களுக்கும் ஓராயிரம், இரண்டாயிரம் ரூபாய் முதல் கொடுத்து விற்றுப் பார்க்க வைக்கும் பொறுப்பை ஊர்க்காரர்கள் ஏற்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர், தையற்கடை அக்கா, அச்சக உரிமையாளர் ஆகியோரை மாதம் ஒருமுறை வகுப்புக்கு அழைத்து வந்தால், பெருநகரத்திலிருந்து வரும் வல்லுநரின் உரையைவிட அது அதிகம் பயன்படும். கடைக்காரர் தன் கணக்கு நோட்டைத் திறந்து, எந்த மாதம் கல்லா காய்ந்துபோகும், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எப்போது கொடுக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு மணி நேரம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

நிறுவனங்களுக்கும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் வேலைத்திறன் வளர்ப்பும் அதற்குரிய துறைகளாகச் சட்டத்திலேயே குறிக்கப்பட்டுள்ளன. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ அமைப்பின் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கவும் முடியும். கொடுப்பவர்கள் ஓராண்டுக்கு நூறு பள்ளிகள் என்று விரிப்பதைவிட, ஐந்தாண்டுக்குப் பத்துப் பள்ளிகள் என்று நிலைத்து நிற்பது நல்லது. டெல்லியில் நடந்ததுபோல ஆட்சி மாறும்போது பெயரும் விதியும் மாறக்கூடும். பள்ளிக்குள் வேரூன்றிய பழக்கமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் மட்டுமே அதைத் தாண்டி நிற்பார்கள்.

பெண் பிள்ளைகளை எண்ணிப் பார்க்காமல் இந்தத் திட்டங்களை வகுத்தால் அவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு சந்தைக்குப் போக வேண்டும் என்றால் பல வீடுகளில் அனுமதி கிடைக்காது. பேருந்து பிடித்து வருகிற பெண்ணுக்கு அடுத்த பேருந்து இருக்காது. வீட்டில் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை காத்திருக்கும். மாலையில் வேலைக்குப் போகிற பையன்களுக்கும் இதே நிலைதான். எனவே வேலையின் பெரும்பகுதி பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும். வெளி விற்பனை சனிக்கிழமை பகலில், ஆசிரியை உடன் வர, போக்குவரத்துச் செலவைத் திட்டமே ஏற்று நடக்க வேண்டும். குழுவுக்குள் பொறுப்புகளைப் பங்கிடும்போது பெண்கள் செய்வது, பையன்கள் விற்பது என்று தானாகவே பிரிந்துவிடாதபடி, பொறுப்புகளை நடுவில் ஒருமுறை மாற்றிக்கொள்வதைக் கட்டாயமாக்குவது பயன் தரும்.

எந்த வகுப்பில் இதை வைப்பது என்ற கேள்விக்கு இப்போது தமிழ்நாட்டில் ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டதால், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஓராண்டு சற்று மூச்சு விட இடம் தருகிறது. ஜூன், ஜூலையில் குழு அமைத்துச் சந்தையில் விசாரிக்கலாம்; ஆகஸ்டில் முதல்தொகை வாங்கலாம்; காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தீபாவளியை ஒட்டி விற்பனை; நவம்பரில் நிலுவை வசூலும் தேங்கிய சரக்கைக் கழிப்பதும்; அரையாண்டுத் தேர்வுக்கு முன் கணக்கை முடித்துவிடலாம். லாபம் வந்தால் மாணவர்களுக்குச் சேரட்டும். திரும்பி வந்த முதல்தொகை அடுத்த ஆண்டுப் பதினொன்றாம் வகுப்புக்கென்று பள்ளிக் கணக்கில் இருக்கட்டும். நட்டப்பட்ட குழுவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம். எங்கே போயிற்று என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் எழுதிய கணக்கு நோட்டை மட்டும் அவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்து, ஒரு பாடவேளை அதைப் பற்றிப் பேச வேண்டும்.